உப்புக் காற்றும் உயிர்காக்கும் காற்றுப்பையும்

காரின் சாவியைத் திருப்பியதும் ஓட்டுநரின் முன்னுள்ள பலகையில் பல சிறு விளக்குகள் ஒளிர்கின்றன. அவற்றுள் ஒன்றில், அமர்ந்திருக்கும் மனிதனும் அவன் முன்னே ஓர் உருண்டையும் வரையப்பட்டிருக்கும். அதுவே ஏர்பேக் என வழங்கும் காற்றுப்பையின் எச்சரிக்கை விளக்கு. சில வினாடிகளில் அது அணைந்துவிட வேண்டும். அணையாமல் நின்றால், மோதலின்போது காற்றுப்பை விரியும் என்று நம்புவதற்கில்லை.

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயமாயிற்று. ஆகவே இவ்விளக்கு சொல்லும் செய்தியை அறிவது இன்று பலருக்கும் தேவையாகிறது. கடற்கரையில் வாழ்வோருக்கு இத்தேவை மேலும் அதிகம்.

காற்றுப்பை எவ்வாறு விரிகிறது?

காரின் முன்பகுதியிலும் நடுவிலும் முடுக்கத்தை அளக்கும் உணர்விகள் உள்ளன. மோதலில் காரின் வேகம் திடீரெனக் குறைவதை இவை கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அறிவிக்கின்றன. பெட்டி ஆராய்ந்து, தீமூட்டி என்னும் சிறு பகுதிக்கு மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. தீமூட்டியிலுள்ள மெல்லிய கம்பி சூடேறி, வாயு உண்டாக்கும் வேதிப்பொருளைப் பற்றவைக்கிறது. ஏறத்தாழ 30 மில்லி வினாடியில் பை நிரம்பிவிடுகிறது. கண்ணை ஒருமுறை இமைக்க 100 மில்லி வினாடியேனும் ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் விரைவு விளங்கும்.

வெடிக்காமல் சோதிப்பது எப்படி?

ஒருமுறை மட்டுமே பயன்படும் பொருளை, பயன்படுத்தாமலே சரிபார்க்க வேண்டும். இதற்கு ஓம் விதி உதவுகிறது. தீமூட்டியின் மின்தடை சுமார் 2 ஓம். அதைப் பற்றவைக்க 1.2 ஆம்பியர் அளவு மின்னோட்டம் சுமார் 2 மில்லி வினாடி பாய வேண்டும். சோதனைக்கோ 40 மில்லி ஆம்பியர் போதும் எனக் கொள்வோம். அப்போது தீமூட்டியின் குறுக்கே 80 மில்லி வோல்ட் தோன்றும். வெப்பத்திறன் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், 1.2 ஆம்பியரில் 2.88 வாட் உண்டாகும் அதே கம்பியில், சோதனை மின்னோட்டம் 0.0032 வாட் மட்டுமே உண்டாக்கும். இது 900-இல் ஒரு பங்கு. கம்பி சூடேறாது, பெட்டிக்கு வேண்டிய தகவல் மட்டும் கிடைத்துவிடும். கார் ஓடும்போதெல்லாம் பெட்டி இவ்வாறு நாடி பார்த்துக்கொண்டே இருக்கிறது.

உப்பு செய்யும் இருவகைத் தீமை

இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்குத் தெற்கே பாக் நீரிணைக் கரையில் உள்ளது காரங்காடு. அங்குள்ள அலையாத்திக் காட்டைப் படகில் சென்று காண மக்கள் கார்களில் வருகின்றனர். கடற்காற்றிலுள்ள நுண்ணிய உப்புத் துளிகள் காரின் முன்பகுதியில் படிகின்றன. கடல்நீரில் நனைந்த காலோடும் மணலோடும் ஏறி அமர்வோரால் இருக்கைக்கடியிலும் உப்பு சேர்கிறது. ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடந்தால் உப்பு காற்றிலுள்ள நீரை ஈர்த்துத் தானே கரைசலாகிவிடும். 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பை அரித்ததும் இதே உப்புக் காற்றுதான்.

இந்த உப்பு மின்சுற்றில் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரு பழுதுகளை உண்டாக்கும்.

முதலாவது, இணைப்பானின் உலோக முனைகளை அரித்து, சுற்றில் தொடராக மின்தடையைச் சேர்ப்பது. அரிப்பால் 3 ஓம் கூடினால் மொத்தம் 5 ஓம் ஆகும். 80 மில்லி வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் 200 காட்டும். பெட்டி உடனே விளக்கை எரியச் செய்யும்.

இரண்டாவது, உப்புக் கரைசல் இரு முனைகளுக்கிடையே பக்க இணைப்பாகப் பாலமிட்டு மின்னோட்டத்தைக் கசியவிடுவது. முன்பக்க உணர்விகள் பலவற்றில் இரண்டே கம்பிகள்தாம். அவற்றில் ஓடும் மில்லி ஆம்பியர் துடிப்புகளே செய்தி. 6 வோல்ட் உள்ள இடத்தில் 500 ஓம் கசிவு ஏற்பட்டால் 12 மில்லி ஆம்பியர் வீணே ஓடும், செய்தி குழம்பும்.

பழுதைத் தேடும் முறை

பயிற்சி பெற்ற பணியாளர் முதலில் குறியீடு படிக்கும் கருவியைக் காரில் இணைக்கிறார். “ஓட்டுநர் காற்றுப்பைச் சுற்றில் மின்தடை மிகுதி” என்பது போன்ற செய்தி கிடைக்கும். இது பழுதான சுற்றைச் சொல்லுமேயன்றிப் பழுதான உறுப்பைச் சொல்லாது. அச்சுற்றில் தீமூட்டி, இணைப்பான்கள், கம்பிகள், ஸ்டீயரிங்கின் அடியில் கடிகார வில்போலச் சுருண்டிருக்கும் நாடாக் கம்பி ஆகியவை உள்ளன.

அடுத்து பாட்டரியைக் கழற்றிவிட்டு, தயாரிப்பாளர் குறித்துள்ள நேரம் வரை காத்திருக்கிறார். மோதலில் பாட்டரி நசுங்கினாலும் பை விரிவதற்காகப் பெட்டியிலுள்ள மின்தேக்கிகள் மின்னூட்டத்தைச் சேமித்து வைத்திருக்கும். அது வடிய வேண்டும். பின்னர் தீமூட்டியை விலக்கி, அதனிடத்தில் 2 ஓம் மின்தடையை இணைத்து மீண்டும் குறியீட்டைப் பார்க்கிறார். பழுது மறைந்தால் குற்றம் தீமூட்டியின் பக்கம். மறையாவிட்டால், நாடாக் கம்பியையும் விலக்கி, மின்தடையை அதற்கு அப்பால் வைத்துச் சோதிக்கிறார். திருவிழாவில் எரியாத சீரியல் விளக்குச் சரத்தில் பல்பு பல்பாக மாற்றிப் பார்க்கும் அதே தருக்கம்தான் இது.

சாதாரண மீட்டரால் தீமூட்டியை அளக்கவே கூடாது. முள் காட்டும் சில மீட்டர்கள் ஓம் அளவையில் 100 மில்லி ஆம்பியருக்கு மேலும் செலுத்தக்கூடும். மஞ்சள் நிற இணைப்பான்களைக் காரின் உரிமையாளர் தாமே கழற்றிச் சுரண்டித் துடைப்பதும் ஆபத்து.

பழுது எப்போதும் இணைப்பான்களில்தான் இருக்கும் என்பதில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியிலும் இருக்கலாம். 2023 ஜனவரியில் மாருதி சுசூகி நிறுவனம் இப்பெட்டியைச் சோதித்து மாற்றுவதற்காக 17,362 கார்களைத் திரும்ப அழைத்தது. மாற்றும்வரை அவற்றை ஓட்ட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது.

நாம் செய்யக்கூடியவை

சாவியைத் திருப்பும்போதெல்லாம் விளக்கைக் கவனிக்க வேண்டும். எரிந்து அணைந்தால் நலம். அணையாமல் நின்றால் பழுது. ஒருமுறைகூட எரியாவிட்டால் அதுவும் பழுதே. பழைய கார் வாங்குவோர் இதை மறக்கலாகாது, பழுதை மறைக்க விளக்கையே செயலிழக்கச் செய்வோரும் உண்டு. இருக்கைக்கடியில் ஈரமும் மணலும் தங்காமல் பார்த்துக்கொள்வதும், தண்ணீரைப் பீய்ச்சி அங்கே கழுவாதிருப்பதும் நன்று.

விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் இருக்கைப் பட்டையை அணிய வேண்டும். காற்றுப்பை அப்பட்டைக்குத் துணையேயன்றி மாற்று அன்று.