சும்மா நிற்கும் காற்றாலையில் தேயும் பேரிங்

குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவரும் தென்மேற்குக் காற்றுதான், செங்கோட்டைக் கணவாய் வழியே பாய்ந்து, கிழக்கே சுரண்டை, ஆலங்குளம், ஊத்துமலைப் பக்கத்துக் காற்றாலைகளையும் சுழற்றுகிறது. செப்டம்பர் கழிந்தால் காற்று தளரும். இறக்கைகள் பெரும்பாலான நேரம் அசையாமல் நிற்கும். அடுத்த சீசனில் கியர்பாக்ஸ் இரைய ஆரம்பித்தால், ஆடிக் காற்றின் வேகத்தில் பேரிங் போய்விட்டது என்று புதியதை மாட்டிவிடுவார்கள். இந்தத் தீர்ப்பு அவசரமானது. காற்றில்லாத மாதங்களையும் விசாரித்தாக வேண்டும்.

பழைய 225, 250 கிலோவாட் ஆலைகளில் ரோட்டர் நிமிடத்துக்கு 40 சுற்று அளவில் சுற்றும். கியர்பாக்ஸ் அதை ஜெனரேட்டருக்காக 1,000 சுற்றுக்கும் மேலே ஏற்றித் தரும். இடையில் உள்ள ஒவ்வொரு தண்டையும் பேரிங்குகள்தான் தாங்குகின்றன. பேரிங்கின் ஆயுள் என்று பொறியாளர்கள் சொல்வது, நூறில் 90 பேரிங்குகள் தாண்டக்கூடிய காலம். மீதிப் பத்து அதற்கு முன்பே போகலாம். சுமை இரட்டித்தால் பந்து பேரிங்கின் ஆயுள் எட்டில் ஒன்றாகவும், உருளை பேரிங்கின் ஆயுள் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகவும் சுருங்கும். ஆகவே பலத்த காற்றுக்கு இதில் பங்கே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கணக்கு சுழலும் பேரிங்குக்கானது. நிற்கும் பேரிங்குக்கு வேறு நோய் உண்டு.

1930களில் அமெரிக்காவின் டெட்ராய்ட்டிலிருந்து ரயிலில் அனுப்பிய புதுக் கார்களின் சக்கர பேரிங்குகள், சாலையைத் தொடும் முன்பே கெட்டுப்போயிருந்தன. ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்மென் 1937இல் இதற்கு விளக்கம் எழுதினார். சக்கரம் உருளாமல், ரயிலின் அதிர்வில் நூலிழை அளவு முன்னும் பின்னும் ஆடும்போது, பந்துக்கும் வளையத்துக்கும் நடுவிலிருந்து கிரீஸ் பிதுங்கி வெளியேறுகிறது. பந்து உருண்டால் அது திரும்ப வரும், உருளாததால் வருவதில்லை. உலோகம் உலோகத்தோடு உராய்ந்து, செம்பழுப்புத் தூள் உதிர்ந்து, பந்துகள் நின்ற இடங்களிலெல்லாம் குழி விழுகிறது. பிரேக்கை இறுக்கி நிறுத்திய காற்றாலையிலும் இதே நிலைதான். சிறு காற்று இறக்கையை உந்தும். தண்டு சுழல முடியாமல், கியர் பற்களுக்கு இடையே உள்ள சிறு இடைவெளிக்குள் ஆடிக்கொண்டேயிருக்கும்.

எந்த நோய் என்று எப்படித் தெரியும்? கழற்றிய பேரிங்கே சொல்லும். சுமை விழுந்த பக்கம் மட்டும் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தால், உழைத்துக் களைத்தது. பந்துகளின் இடைவெளிக்குச் சரியாகக் குழிகள் இருந்து, அவற்றில் பழுப்புத் தூளும் படிந்திருந்தால், நின்று கெட்டது. அதே இடைவெளியில் குழிகள் இருந்தும், தூளில்லாமல், வளையத்தின் பழைய சாணைக் கோடுகள் குழிக்குள் அழியாமல் தெரிந்தால், மாட்டும்போது தவறான வளையத்தில் சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். ஜெனரேட்டர் பேரிங்கில் நெருக்கமாக வரி வரியாகப் பள்ளம் ஓடியிருந்தால் தண்டு வழியே மின்சாரம் கசிந்திருக்கிறது. மின்காப்பிட்ட பேரிங்கைப் போடாமல் சாதாரணமானதையே மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

இத்தனை ஆராய்ச்சி எதற்கு, கிரேனுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் பேரிங் விலை ஒரு பொருட்டா என்று கேட்கலாம். கிரேன் வாடகை அதிகம் என்பதால்தான் கேள்வியே எழுகிறது. காரணம் தெரியாமல் மாற்றினால் அந்த வாடகையை மறுபடியும் கட்ட வேண்டிவரும். இன்னொரு ஆட்சேபம் கனமானது: பழைய ஆலைகளைப் பிரித்துவிட்டுப் பெரியவற்றை நிறுவினால் தொல்லை தீராதா? தமிழக அரசின் 2024ஆம் ஆண்டுக் கொள்கை அதற்கு வழிவிடுகிறது. பழையதைச் சீரமைத்து ஆயுளை நீட்டிக்கவும் வழிவிடுகிறது. பெரிய ஆலை வந்தாலும் பருவம் மாறப்போவதில்லை. அதில் இறக்கையின் கோணத்தைத் திருப்பும் பேரிங்கும் இருக்கிறது. வேலையில் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் அசையும் அது, இந்த நோய்க்கு இன்னும் எளிதில் ஆளாகும். அதனால்தான் அவ்வப்போது இறக்கையை முழுக் கோணத்துக்கும் திருப்பிக் கிரீஸைப் பரப்பச் செய்கிறார்கள்.

பழைய ஆலைக்கும் வைத்தியம் உண்டு. பாதுகாப்பு இடம் கொடுத்தால், அக்டோபரில் பிரேக்கைப் பூட்டிவைக்காமல் ரோட்டரை மெல்லச் சுற்றவிடலாம். பேரிங்கை மாற்றியே தீர வேண்டுமென்றால், வெளிவளையத்தின் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கழற்றும் முன்பே குறிபோட்டுவிட வேண்டும். குறியில்லாமல் கீழே இறங்கிய பேரிங்கில் சுமை எந்தப் பக்கம் விழுந்தது என்பதை ஊகிக்கத்தான் முடியும்.