டப்பாவுக்குள் போன மசாலாவை யார் மீட்பது?

சிங்கப்பூரில் நாம் உண்ணும் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து வருகிறது. தாய்லாந்து அரிசி, பிரேசில் கோழி, மலேசியக் கீரை, இந்திய வெங்காயம் என ஒரே தட்டில் நான்கு நாடுகள் இருக்கலாம். இவற்றை யார் சோதிக்கிறார்கள் என்று நம்மில் பலர் யோசிப்பதில்லை.

அந்தப் பொறுப்பு, 2019 ஏப்ரல் 1ஆம் தேதி தொடங்கப்பட்ட சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் உள்ளது. விற்பனைக்காக உணவை இறக்குமதி செய்வோர் முதலில் அதனிடம் உரிமம் பெற வேண்டும் அல்லது பதிந்துகொள்ள வேண்டும். சரக்கு வரும் ஒவ்வொரு முறையும் அனுமதி தேவை. இறைச்சி, முட்டை போன்றவை அங்கீகரிக்கப்பட்ட இடங்களிலிருந்து மட்டுமே வரலாம். உணவு மாதிரிகள் சோதனைக்கூடத்துக்கும் அனுப்பப்படுகின்றன.

ஆனால், ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரித்துப் பார்க்க எந்த நாட்டாலும் முடியாது. அதனால், ஒரு நாடு கண்டுபிடிப்பது மற்ற நாடுகளுக்கும் எச்சரிக்கையாகிறது.

2024 ஏப்ரலில் அதுதான் நடந்தது. ஹாங்காங்கின் உணவுப் பாதுகாப்பு நிலையம், வழக்கமான கண்காணிப்பின்போது கடைகளில் எடுத்த இந்திய மசாலா மாதிரிகளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதை ஏப்ரல் 5ஆம் தேதி அறிவித்தது. அவற்றில் ஒன்று எவரெஸ்ட் மீன் கறி மசாலா. ஏப்ரல் 18ஆம் தேதி, அளவுக்கு மீறி அந்த வேதிப்பொருள் இருந்ததாகக் கூறி, அதே மசாலாவைச் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளும்படி சிங்கப்பூர் உணவு அமைப்பு இறக்குமதியாளருக்கு உத்தரவிட்டது. அடுத்த மாதமே, இவ்விரு இடங்களுக்கும் அனுப்பப்படும் மசாலாப் பொருள்களுக்கு இந்திய நறுமணப் பொருள் வாரியம் கட்டாயச் சோதனையைக் கொண்டுவந்தது.

எத்திலீன் ஆக்சைடு, கிருமிகளை அழிக்கப் பயன்படும் வாயு. மசாலாப் பொருள்களைக் கிருமிநீக்கம் செய்ய இங்கு அதற்கு அனுமதி உண்டு. ஆனால் எச்சம் வரம்பைத் தாண்டக்கூடாது. குறைந்த அளவில் உட்கொண்டால் உடனடி ஆபத்து இல்லை என்றும், நீண்டகாலம் தொடர்ந்தால் உடல்நலப் பிரச்சினைகள் வரலாம் என்றும் உணவு அமைப்பு விளக்கியது.

கடை அலமாரியிலிருந்து பாக்கெட்டுகளை எடுத்துவிடலாம். ஏற்கெனவே விற்றுப்போனவற்றை என்ன செய்வது? நம் வீடுகளில் மசாலாத் தூளை வாங்கியதும் டப்பாவில் கொட்டி, பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிடுகிறோம். தயாரிப்பு எண், காலாவதித் தேதி எல்லாம் அதோடு போய்விடுகின்றன. மீட்பு அறிவிப்பு வந்தாலும், அது நம் டப்பாவில் உள்ளதுதானா என்று சொல்ல வழியில்லை.

2025 ஜனவரியில் நாடாளுமன்றம் உணவுப் பாதுகாப்பு தொடர்பான புதிய சட்டத்தை நிறைவேற்றியது. எட்டுச் சட்டங்களில் சிதறிக் கிடந்த விதிகளை ஒன்றுசேர்க்கும் அது, கட்டங்கட்டமாக 2028க்குள் முழுமையாக நடப்புக்கு வரவுள்ளது. பிரச்சினைக்குரிய உணவு எங்கிருந்து வந்தது, யாருக்குப் போனது என்று தேடிப் பிடிப்பதை எளிதாக்குவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. ஆனால், எந்தப் பதிவேடும் கடையோடு நின்றுவிடும். ஊரிலிருந்து உறவினர் பெட்டியில் கொண்டுவரும் பொடிக்கு அந்தப் பதிவேடும் கிடையாது.

கடைக்கும் அடுப்புக்கும் இடையிலான வேலை நம்முடையது. மீட்பு அறிவிப்பை ஆங்கிலத்தில் கைப்பேசியில் முதலில் பார்ப்பது பெரும்பாலும் இளையர்களாகிய நாம். சமைப்பவரோ பாட்டியாகவோ அம்மாவாகவோ இருக்கலாம். “இந்திய மசாலா எல்லாமே விஷமாம்” என்று வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே சொன்னால் வீண் பயம்தான் மிஞ்சும். எந்தப் பொருள், என்ன காரணம், என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் தமிழில் தெளிவாகச் சொல்ல நம்மால் முடியும்.

அடுத்த முறை மசாலா வாங்கும்போது, பெயரும் எண்ணும் தேதியும் உள்ள பகுதியைக் கத்தரித்து டப்பாவின் வெளியே ஒட்டிவிடுங்கள். ஒரு நிமிட வேலைதான். மீட்பு அறிவிப்பு வரும் நாளில் பாட்டியின் கேள்விக்கு அந்தத் துண்டுக் காகிதம் பதில் சொல்லும்.