வட்டக்கானல் நாய் விமானம் ஏறும் முன்

கொடைக்கானலிலிருந்து வட்டக்கானலுக்கு இறங்கினால், டீக்கடை வாசலில் ஒரு நாயாவது சுருண்டு படுத்திருக்கும். இஸ்ரேலிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருகிறவர்கள் இங்கே வாரக்கணக்கில் தங்குவார்கள். பிஸ்கட்டில் தொடங்கும் நட்பு, ஊர் திரும்பும் வாரத்தில் “இவனையும் கூட்டிட்டுப் போகலாமா?” என்று கேட்க வைக்கும். போகலாம். ஆனால் கிளம்பும் வாரத்தில் கேட்டால் காலம் கடந்துவிட்டது. ஐந்து மாதம் முன்பே கேட்க வேண்டிய கேள்வி அது.

முதலில் சிப், பிறகு ஊசி

அரிசி மணி அளவுள்ள மைக்ரோசிப்பைத் தோலுக்கடியில் ஊசியால் செலுத்துவார்கள். அதில் 15 இலக்க எண் இருக்கும். சிப் வைத்த பிறகோ, அதே நாளிலோ போட்ட ரேபிஸ் தடுப்பூசியைத்தான் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்கும். ஊசி முந்திவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். குட்டிக்கு 12 வாரம் நிறைந்திருக்கவும் வேண்டும்.

ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு மில்லி லிட்டருக்கு 0.5 யூனிட் எதிர்ப்புச் சக்தியாவது இருந்தால் தேறியதாகக் கொள்வார்கள். ரத்தம் எடுத்த நாளிலிருந்து இன்னும் 3 மாதம் காத்திருக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள்: இன்று கையில் ஏந்தும் குட்டி ஏறத்தாழ ஏழு மாத நாயாகத்தான் ஐரோப்பாவில் கால் வைக்கும்.

இந்தக் காத்திருப்பு ஏன்?

பலருக்கு இது வெறும் அலுவலகக் கெடுபிடியாகத் தெரிகிறது. அப்படி இல்லை. ரேபிஸ் கிருமி உடலில் புகுந்த பிறகு, அறிகுறி தெரியச் சில வாரங்களோ சில மாதங்களோ ஆகும். தெருவில் பிறந்த குட்டியைத் தடுப்பூசிக்கு முன்பே வேறொரு நாய் கடித்திருந்தால், ஊசி அதைக் காப்பாற்றாமல் போகலாம். நோய் இருந்தால் அது வெளிப்பட வேண்டிய காலமே அந்த 3 மாதம். அறிகுறி வந்துவிட்டால் மனிதரானாலும் நாயானாலும் பிழைப்பது மிக மிக அரிது.

அதனால் குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சுகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். பல் பட்டாலோ, கீறினாலோ, காயத்தை நக்கினாலோ சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். “சின்னக் குட்டிதானே” என்று விட்டுவிடுவதுதான் உயிரைக் குடிக்கிறது.

மலை நாய்க்குச் சமவெளி வெயில்

ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்துக் குளிரில் வளர்ந்து ரோமம் அடர்ந்த நாய், சென்னை வெயிலில் சீக்கிரம் தளர்ந்துவிடும். மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுக்கும். பயணத்துக்குச் சில மணி நேரம் முன்பே உணவை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். இரவில் இறங்குவது நல்லது. சோலைக்காட்டு ஈரத்தில் திரிந்த நாயின் மூக்குத் துவாரத்தில் அட்டை ஒட்டியிருக்கலாம். தும்மலோடு ரத்தம் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் மருந்து கொடுத்திருக்க வேண்டும். பிரிட்டனுக்குப் போகும் நாய்க்கு, அங்கே இறங்குவதற்கு 24 முதல் 120 மணி நேரம் முன் நாடாப்புழு மருந்து கட்டாயம்.

கூண்டை முதல் மாதமே வாங்கிவிடுங்கள். நாய் உள்ளே நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். அதன் சாப்பாட்டுத் தட்டை அதற்குள் வைத்துப் பழக்குங்கள். பயந்த நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து அனுப்ப நினைப்பது பெரிய தவறு. மூச்சும் ரத்த அழுத்தமும் குறைந்தால், விமானத்தின் சரக்கு அறையில் கவனிக்க ஆள் இல்லை.

சென்னையில் கடைசி வாரம்

மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல், சான்றளிப்பு நிலையம் சென்னையில் உண்டு. நாயின் உடல்நலத்துக்கு ஏற்றுமதிச் சான்று தருவது அதுதான். ஐரோப்பாவுக்கான சான்று தந்த 10 நாளுக்குள் நாய் அங்கே நுழைந்தாக வேண்டும் என்பதால், இதை முன்கூட்டியே முடித்து வைக்க முடியாது.

விசா முடிந்துவிட்டால்?

நாயை இங்கே நம்பிக்கையான ஒருவரிடம் விட்டுச் செல்லலாம். சிப், ஊசி, கருத்தடை மூன்றையும் முடித்து, தீவனச் செலவையும் கொடுத்துவிட்டுப் போங்கள். ஆனால் உரிமையாளரின் பயணத்துக்கும் நாயின் பயணத்துக்கும் இடையே 5 நாளுக்கு மேல் போனால், ஐரோப்பாவில் அதை வணிக விலங்காகக் கணக்கிட்டு வேறு விதிகளைப் பொருத்துவார்கள். ஆகவே காத்திருப்பு முடியும் மாதத்தில் நீங்களே திரும்பி வந்து அழைத்துப் போவதற்கும் இப்போதே பணம் எடுத்து வையுங்கள்.