திருடன் வரவில்லை, அலாரம் ஏன் அலறுகிறது?

கம்பி இழுத்துப் பொருத்திய வீட்டு அலாரம் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால், கதவு திறந்ததும் சைரனுக்கு மின்சாரம் போகும் என்றுதான் பலரும் சொல்வார்கள். நடப்பது கிட்டத்தட்ட நேர்மாறு. பேனலிலிருந்து ஒரு சிறு மின்னோட்டம் எந்நேரமும் கிளம்பி, கதவு ஜன்னல்களில் உள்ள காந்த ஸ்விட்சுகளைச் சுற்றிக்கொண்டு பேனலுக்கே திரும்பி வருகிறது. அந்த ஓட்டம் அறுந்தால் சைரன். கதவைத் திறந்தால் அறும், திருடன் கம்பியை வெட்டினாலும் அறும். எலி கடித்தாலும், ஸ்க்ரூ தளர்ந்தாலும், கம்பி மூட்டில் பச்சை பூத்தாலும் அதேதான். எது நடந்தது என்று பேனலுக்குத் தெரியாது. சந்தேகம் வந்தால் கத்து என்பதுதான் அதற்கு இடப்பட்ட கட்டளை.

ஆகவே பொய் அலாரம் அடித்தால் பேனல் பழுது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். சென்சாரை மாற்றவும் அவசரப்பட வேண்டாம். பழுது பார்க்க வருகிறவர் கையில் புது சென்சாரோடு வந்தால் கொஞ்சம் உஷாராக இருங்கள். அளந்து பார்க்காமல் மாற்றுவது, காய்ச்சலைப் பார்க்காமலே மாத்திரை கொடுப்பது மாதிரி.

முதல் வேலை, பேனலின் நினைவகத்தைப் படிப்பது. பேனலுக்கு வந்து சேரும் ஒவ்வொரு கம்பிச் சுற்றுக்கும் ஜோன் என்று பெயர். எந்த ஜோன், எத்தனை மணிக்கு அலறியது என்பதைப் பெரும்பாலான பேனல்கள் பதிந்து வைத்திருக்கும். அதை ஒரு தாளில் எழுதிவைத்தால் பாதி வழக்கு முடிந்தது. எப்போதும் ஒரே ஜோன்தானா? அப்படியானால் பழுது அந்தக் கம்பியிலோ அதன் சென்சாரிலோ இருக்கிறது. மோஷன் சென்சார் உள்ள ஜோன்கள் எல்லாம் ஒரே நொடியில் அலறினவா? அது மின்சாரக் கோளாறு, பேட்டரியைப் பாருங்கள். மழை நாளில் மட்டும் அடிக்கிறதென்றால் ஈரம். போர்வெல் மோட்டார் போடும்போது அடிக்கிறதென்றால், அலாரம் கம்பியும் 230 வோல்ட் கம்பியும் ஒரே பைப்புக்குள் போகின்றனவா என்று பார்க்க வேண்டும். செலவை மிச்சப்படுத்த அப்படி இழுத்த வீடுகள் நம் ஊரில் ஏராளம்.

கதவு ஜன்னல் ஜோனில் நடப்பது பெரும்பாலும் இடைவெளித் தகராறு. நிலையில் ஒரு ரீட் ஸ்விட்ச், கதவில் ஒரு காந்தம். காந்தம் அருகில் இருக்கும்வரை, கண்ணாடிக் குழலுக்குள் இருக்கும் இரண்டு மெல்லிய உலோக நாக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சாதாரண ஸ்விட்சுகள் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி வரை தாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் மரக்கதவு உப்பி நிலையில் சரியாக உட்காராது. காற்று தள்ளும்போது கதவு ஒரு நூல் அசைந்தாலே நாக்கு விலகிவிடும். இரும்புக் கதவில் நிலைமை இன்னும் மோசம்: இரும்பே காந்தப் புலத்தை உறிஞ்சிக்கொள்வதால் அந்த இரண்டு சென்டிமீட்டர் பாதியாகக்கூடச் சுருங்கும். இரும்பு கேட்டுக்கென்றே வரும் பெரிய காந்தம் வாங்கிப் போடுங்கள். கீலை இறுக்குவதும் காந்தத்தைச் சற்று நகர்த்துவதும் செலவில்லாத வைத்தியம்.

மோஷன் சென்சார் கதை வேறு. அது உருவத்தைப் பார்ப்பதில்லை. மனித உடல் வெளிவிடும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீள வெப்பக் கதிர், ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு நகர்வதைத்தான் கவனிக்கிறது. ஏ.சி. காற்று நேராகப் படும் திரைச்சீலையோ, ஜன்னல் வழி விழுந்து மேகத்தில் மறைந்து மீண்டும் வரும் வெயிலோ அதை ஏமாற்றப் போதும். நம் வீடுகளில் முதல் குற்றவாளி பல்லி. எதிர்ச் சுவரில் ஓடும் பல்லியை சென்சார் பொருட்படுத்தாது. அதே பல்லி லென்ஸின் மேலேயே ஊர்ந்தால், பார்வை முழுவதையும் மறைத்து ஓர் ஆள் நடந்ததாகக் காட்டிவிடும். சென்சார் பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டுவதும், லென்ஸ் முன்னால் ஒட்டடை ஆடுவதும் இதே வகை. பெட்டிக்குள் கம்பி நுழையும் ஓட்டையை சிலிக்கோன் பசை வைத்து அடையுங்கள். பூச்சி நிற்கும், பைப் வழியே ஊதும் காற்றும் நிற்கும். எத்தனை அசைவைக் கண்டபின் அலற வேண்டும் என்று வைக்கும் பல்ஸ் கவுண்ட் என்றொரு சிறு ஜம்பர் உள்ளே இருந்தால் ஒன்றிலிருந்து இரண்டாக்கிப் பார்க்கலாம். அதற்கு மேல் ஏற்றினால் திருடனும் தப்பிவிடுவான்.

இனி மீட்டர். பேனல் பெட்டிக்குள் 230 வோல்ட் வருவதால் மெயினை அணைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். மூடியைத் திறந்தாலே அலறும் டாம்பர் ஸ்விட்சும் இருக்கும். டெக்னீஷியனுக்கான ரகசிய எண்ணை அழுத்தி அதை அமைதிப்படுத்திய பிறகு, பேட்டரி வயரையும் கழற்றுங்கள். சந்தேகப்படும் ஜோனின் இரண்டு கம்பிகளையும் பேனலிலிருந்து விடுவித்து, மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். சுற்றின் கடைசியில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். சில பேனல்களுக்கு 2,000 ஓம், சிலவற்றுக்கு 5,600 ஓம். அலாரத்துக்குப் போடும் 22 கேஜ் கம்பி 30 மீட்டர் போய் வந்தாலும் 3 ஓமுக்குச் சற்று மேல்தான் சேர்க்கும். 2,000 இருக்க வேண்டிய இடத்தில் 2,400 என்று காட்டினால் எங்கோ ஒரு மூட்டு துருப்பிடித்திருக்கிறது. எண் நிலையில்லாமல் ஆடினால் அதைவிட நல்லது, பழுது கையில் அகப்படும்: ஒருவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் ஒவ்வொரு கதவாகத் தட்டி, ஒவ்வொரு மூட்டாக அசைத்துக்கொண்டு போக வேண்டும். எந்த இடத்தில் எண் துள்ளுகிறதோ அங்கேதான் கோளாறு. வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய மூட்டுகளை முதலில் பாருங்கள். சூட்டில் பசை இளகி, ஈரம் உள்ளே போயிருக்கும். அவற்றைப் பற்றவைத்துவிடுவது நல்லது.

இங்கே ஒரு குறுக்குவழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ரெசிஸ்டரைச் சில எலக்ட்ரீஷியன்கள் கடைசிச் சென்சாரில் பொருத்தாமல் பேனல் பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுவார்கள். அலாரம் வேலை செய்வதுபோலத் தெரியும். ஆனால் வழியில் இரண்டு கம்பிகளும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால், அதற்கு அப்பால் எந்தக் கதவு திறந்தாலும் பேனலுக்குத் தெரியவராது. பொய் அலாரத்தைவிட ஆபத்தானது இந்த மௌனம்.

பேட்டரிக்கு வருவோம். பேனலுக்குள் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி சீல்டு பேட்டரியின் ஆயுள் 3 முதல் 5 ஆண்டுகள். 25 டிகிரிக்கு மேல் 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்களின் கணக்கு. மாடிப்படிக்குக் கீழே புழுங்கும் பெட்டிக்குள் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கரன்ட் போனதும் வோல்ட்டேஜ் சரிந்தால், மோஷன் சென்சார்களுக்குள் இருக்கும் ரிலேக்கள் விட்டுவிடும். பேனல் அதை ஆள் நுழைந்ததாக எடுத்துக்கொள்ளும். சோதிப்பது எளிது: பகலில் மெயினை அணைத்துவிட்டு அரை மணி நேரம் பேட்டரியிலேயே ஓடவிட்டு, மீட்டரில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள்.

பழுது அகப்படும்வரை அந்த ஜோனை மட்டும் பைபாஸ் செய்து, மற்றதை வழக்கம்போல் போட்டுத் தூங்கலாம். பல பேனல்களில் அலாரத்தை அணைத்ததும் பைபாஸும் போய்விடும், தினமும் மீண்டும் போட வேண்டும். தொல்லைதான், ஆனால் பழுது நினைவில் இருக்கும். டெக்னீஷியன் வந்து சரிசெய்துவிட்டுக் கிளம்பும்போது, ஜோன் வாரியாக ரெசிஸ்டர் மதிப்பையும் மீட்டர் காட்டிய ஓம் அளவையும் பேனல் மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த மழைக்காலத்தில் வருகிறவர் அங்கிருந்து தொடங்குவார்.