முப்பது சென்டிமீட்டர் முன்பாரம்

ஏரல் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்கு ஆடி அமாவாசைக் கூட்டம் இப்போது பஸ்ஸிலும் வேனிலும் வந்து இறங்குகிறது. 1906 முதல் 1908 வரை இந்த ஊரின் சேர்மனாக இருந்தவர் அவர். 1908இல் ஓர் ஆடி அமாவாசை அன்றே மறைந்தார். பஸ் பரவலாகாத காலத்தில் சுற்றுவட்டாரக் குடும்பங்கள் கோயில் கொடைகளுக்கும் திருவிழாக்களுக்கும் கூண்டு வண்டி கட்டித்தான் புறப்படும். பாத்திரம், அரிசி, பாய், பாட்டி, கைக்குழந்தை எல்லாம் அதற்குள் அடங்கும். தாமிரபரணிக் கரையில் மாட்டை அவிழ்த்துவிட்டால் வண்டியே வீடு. அடுப்பு வெளியில், படுக்கை உள்ளே.

உலகின் மறுபக்கத்தில் இதே ஏற்பாட்டுக்கு டியர்டிராப் டிரெய்லர் என்று பெயர். காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும், நீர்த்துளியைப் பக்கவாட்டில் படுக்கவைத்த உருவமுள்ள சின்னஞ்சிறு படுக்கையறை. இங்கே துளிவண்டி என்று சொல்லிக்கொள்வோம். எட்டு முதல் பத்தடி நீளம், நாலைந்தடி அகலம், உள்ளே நிமிர்ந்து உட்காரலாம், நிற்க முடியாது. பின்பக்க மூடியைத் தூக்கினால் அதுவே கூரையாகிக் கீழே ஒரு சமையல் மேடை தோன்றும். 1930களில் அமெரிக்காவில் பரவிய இந்த வண்டியை அன்று முதலே பலரும் வீட்டுக் கொல்லையில் தாங்களே கட்டிக்கொண்டார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் மிஞ்சிய அலுமினியத் தகடும் ஜீப் சக்கரமும் மலிவாகக் கிடைக்க, 1947இல் ‘மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழ் கட்டும் முறையை வரைபடத்தோடு வெளியிட்டது. அதற்கும் முன்பு, 1885இல், ஸ்டேபிள்ஸ் என்ற கப்பல் மருத்துவர் இங்கிலாந்தில் ஊர்சுற்றவென்றே ‘வாண்டரர்’ என்ற குதிரை வண்டியைக் கட்டுவித்தார். எடை சுமார் இரண்டு டன். நம்மூர் வண்டி ஆசாரி பார்த்திருந்தால் குதிரைகளுக்காக வருத்தப்பட்டிருப்பார்.

துளிவண்டி கட்ட நினைப்பவர் முதலில் யோசிப்பது மெத்தையையும் விளக்கையும். முதலில் யோசிக்க வேண்டியதோ அச்சை எங்கே வைப்பது என்பதை. இரண்டே சக்கரமுள்ள வண்டி அச்சின்மேல் முன்னும் பின்னும் ஆடக்கூடியது. மாட்டு வண்டியில் பாரம் பின்னால் மிஞ்சினால் ஏர்க்கால் மேலெழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்னால் மிஞ்சினால் நுகத்தடி கழுத்தை அழுத்தும். வண்டிக்காரருக்கு இது ஏர்க்கால் எழும்புவதிலேயே தெரிந்துவிடும். “அண்ணாச்சி, பின்பாரமா இருக்கு, கொஞ்சம் முன்னால தள்ளி இருங்க” என்று ஆளை நகர்த்திச் சரிசெய்துகொள்வார். மேடு ஏறும்போது முன்னால் வரச் சொல்வதும் வெறும் பழக்கம் இல்லை. ஆட்கள் உட்கார்ந்த வண்டியின் எடைமையம், அதாவது மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி, அச்சுக்கு அறுபது சென்டிமீட்டர் மேலே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் அந்தப் புள்ளி ஆறு சென்டிமீட்டர் பின்னால் போய்விடும். அந்த ஆறு சென்டிமீட்டரை ஈடுகட்டத்தான் அண்ணாச்சி நகர வேண்டியிருக்கிறது.

காருக்கும் இதே முன்பாரம் வேண்டும். அமெரிக்க வழக்கப்படி, மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு காரின் பின்னாலுள்ள இணைப்புக் குமிழின் மேல் உட்கார வேண்டும். 500 கிலோ வண்டிக்கு 60 கிலோ என்று கொள்வோம். குமிழுக்கும் அச்சுக்கும் இடையே இரண்டரை மீட்டர் இருந்தால், எடைமையம் அச்சுக்கு முன்னால் சரியாக 30 சென்டிமீட்டரில் நிற்க வேண்டும். பள்ளிக்கூட நெம்புகோல் கணக்கு: 500ஐ 0.3ஆல் பெருக்கி 2.5ஆல் வகுத்தால் 60. வண்டியின் குணம் முழுக்க இந்த 30 சென்டிமீட்டரில் அடங்கியிருக்கிறது.

அதைக் கெடுப்பது சுலபம். சமையல் மேடை வாலில் இருப்பதால் இருபது லிட்டர் தண்ணீர் கேனையும் எல்லாரும் அங்கேதான் வைப்பார்கள். அச்சுக்கு ஒன்றேகால் மீட்டர் பின்னால் வைத்த ஒரு கேன், குமிழின் மேலுள்ள பாரத்தில் பத்துக் கிலோவைத் தூக்கிவிடும். மூன்று கேன் வைத்தால் 60 கிலோ 30 ஆகிவிடும். கெட்டிக்கார வடிவமைப்பாளர்கள் அதனால்தான் தண்ணீர்த் தொட்டியை அச்சுக்கு நேர் மேலே தரைக்கு அடியிலும், பேட்டரியை முன்தண்டின் மேலும் ஒளித்துவைக்கிறார்கள்.

மாட்டின் கழுத்து வலிப்பதோடு போகும் விஷயம் காரில் உயிர்மேல் வந்து நிற்கும். கார் சற்றே வளைந்தால் டிரெய்லர் கொஞ்சம் தாமதமாகத் தொடர்ந்து, மறுபக்கம் போய், திரும்பி வரும். மெதுவாகப் போகும்போது டயரின் உராய்வே அந்த ஆட்டத்தை இரண்டொரு அசைவில் அடக்கிவிடும். வேகம் கூடக்கூட அடக்கும் திறன் குறையும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகிப் பாம்பு நெளிவதுபோல் வண்டி நெளிந்து காரையே சாலையிலிருந்து இழுத்துப்போடும். பின்பாரம் அந்த வேக எல்லையைக் கீழே இறக்கிவிடுகிறது. பாரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் சேர்ந்துகொள்ளும். அச்சிலிருந்து 30 சென்டிமீட்டரில் வைத்த பொருளை 120 சென்டிமீட்டருக்கு நகர்த்தினால், சுழல ஆரம்பித்தபின் அது காட்டும் பிடிவாதம் நான்கு மடங்கு கூடுவதில்லை, பதினாறு மடங்கு கூடுகிறது. நெளிய ஆரம்பித்துவிட்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்வதே வழி. வேகத்தைக் கூட்டித் தப்பிக்கப் பார்ப்பவர் நிலைமையை மோசமாக்குவார். மணிக்கு நான்கு கிலோமீட்டரில் போகும் மாட்டுக்கு இந்தத் தொல்லை வர வழியே இல்லை.

சக்கரத்துக்கு வருவோம். மரச்சக்கரத்தின் நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், அவற்றின் நுனியில் வளைந்த வட்டைத் துண்டுகள், சுற்றிலும் இரும்புப் பட்டா. இத்தனையும் பல்லாண்டுகள் குலுங்கியும் கழலாமல் இருப்பதன் ரகசியம், பட்டாவைச் சக்கரத்தைவிடச் சிறிதாக அடிப்பதுதான். கொல்லர் பட்டாவைத் தரையில் கிடத்திச் சுற்றிலும் வறட்டி அடுக்கித் தீமூட்டுவார். 1.4 மீட்டர் விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு 4.4 மீட்டர். பட்டாவின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸ் ஏறினால் அது ஏறத்தாழ ஓர் அங்குலம் நீளும். இரண்டு மூன்று பேர் குறடுகளால் பிடித்துத் தூக்கி, கிடக்கும் சக்கரத்தின்மேல் இறக்கி, சம்மட்டியால் நாலாபுறமும் தட்டி உட்காரவைப்பார்கள். மரம் பற்றிக்கொண்டு புகையும்போதே குடங்குடமாகத் தண்ணீர். இரும்பு சுருங்கும்; ஒவ்வொரு மூட்டிலும் கட்டைகள் முனகிக்கொண்டு ஒன்றையொன்று நெருக்கும். பசை இல்லாமல் சக்கரம் ஒரே துண்டாகிவிடும். தொழிற்சாலைகளில் ரயில் சக்கரத்துக்குப் பட்டை ஏற்றுவதும் இதே வழியில்தான்.

துளிவண்டிக்காரர் சக்கரத்தைக் கடையில் வாங்கிக்கொள்வார். அதற்கு வேறு கவலை. நான்கு கிலோமீட்டர் வேகத்தில் அந்த மரச்சக்கரம் நிமிடத்துக்குப் பதினைந்து முறை சுற்றும். 55 சென்டிமீட்டர் உயரமுள்ள டிரெய்லர் டயர் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் 770 முறை சுற்றும். ஒன்றுக்கு வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் கலந்த வண்டி மை போதும். மற்றதற்கு பேரிங்கும் கிரீசும், அவற்றைத் தவறாமல் பார்க்கும் பொறுமையும் வேண்டும்.

துளி வடிவம் எதற்கு? வானத்திலிருந்து விழும் மழைத்துளிக்கு இந்த உருவம் கிடையாது. சிறியது உருண்டை, பெரியது அடி தட்டையாகிவிடும். ஆனால் மழுங்கிய முகமும் மெலியும் வாலும் கொண்ட உருவத்தைச் சுற்றிக் காற்று பிய்ந்துபோகாமல் வழுக்கி ஓடுகிறது, அது உண்மை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். நான்கிலிருந்து எண்பது கிலோமீட்டர் என்றால் இருபது மடங்கு வேகம், நானூறு மடங்கு எதிர்ப்பு. கூண்டு வண்டியின் திறந்த முகம் பொருட்படுத்தாத காற்று, இங்கே பெட்ரோல் செலவாக வந்து நிற்கும். ஆனாலும் வளைவைவிடப் பெரிய சிக்கனம் உயரத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். துளிவண்டி காரின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொள்கிறது. நின்று நடமாடும் பெரிய கேரவனால் அது முடியாது.

வளைவு இன்னொரு வேலையும் செய்கிறது. மூங்கில் தப்பைகளை வளைத்துப் பாய் வேய்ந்தால் கூண்டு தன் எடையைத் தானே தாங்கும். அதே பாயைத் தட்டையாக விரித்தால் நடுவில் தொய்யும். மூன்று மில்லிமீட்டர் பிளைவுட்டும் அப்படித்தான், வளைத்தால் விறைக்கும். சுவர்களில் இதைவிட அழகான தந்திரம் உண்டு. ஆறு மில்லிமீட்டர் பலகைக்குப் பதில் மூன்று மில்லிமீட்டர் பலகை இரண்டை எடுத்து, நடுவில் 20 மில்லிமீட்டர் தெர்மாகோல் வைத்து ஒட்டுங்கள். மரம் அதே அளவுதான். வளைவை எதிர்க்கும் விறைப்பு கணக்குப்படி நாற்பது மடங்குக்கு மேல் கூடிவிடும். வளையும்போது ஒரு பலகை இழுபட்டே ஆக வேண்டும், மற்றது நசுங்கியே ஆக வேண்டும். இரண்டும் விலகி நிற்க நிற்க அது கடினம். சேர்த்துவைத்த இந்தச் சுவர் வெயிலையும் தடுக்கும். தூத்துக்குடிப் பக்கம் உப்புக்காற்று ஆணியைத்தான் முதலில் தின்னும் என்பதால் மரைன் பிளைவுட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணியும் இங்கே ஆடம்பரம் ஆகாது.

இவ்வளவு இறுக்கமாகக் கட்டியதும் ஒரு வினோதமான ஆபத்து வந்துவிடுகிறது. வண்டியின் உள்ளே சுமார் 3,500 லிட்டர் காற்றுதான். தூங்கும் இருவர் மணிக்கு 25 முதல் 30 லிட்டர் கரியமில வாயுவை வெளியே விடுவார்கள். எல்லாத் துளைகளையும் அடைத்துவிட்டால் ஒரே மணி நேரத்தில் அதன் அளவு வெளிக்காற்றில் உள்ளதைப்போல் இருபது மடங்கை எட்டிவிடும். மூச்சிலும் தோலிலும் வெளியேறும் ஈரம், விடிவதற்குள் அரை லிட்டரைத் தாண்டி மெத்தைக்கு அடியில் போய்ச் சேரும். ஆகவே கூரையில் ஒரு விசிறித் துளையும், கீழே கொசுவலை போட்ட ஒரு காற்று வழியும் கட்டாயம் வேண்டும். உள்ளே அடுப்பு ஒருபோதும் கூடாது. பாய்க் கூண்டு இடுக்குகள் வழியே தானே மூச்சு விடுவதால் ஆசாரிக்கு இந்தக் கணக்கு தேவைப்படவில்லை. மழையில் ஒழுகியதும் அதே இடுக்கு வழியாகத்தான்.

கூண்டு வண்டியில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் மெத்தை. தரையில் வைக்கோல் பரப்பி மேலே ஜமுக்காளம் விரிப்பார்கள். குலுக்கலை வாங்கிக்கொள்வது அது, படுக்கை அது, இரவில் மாடுகளுக்குத் தீனியும் அதுவே. எரிபொருளின் மேல் படுத்துக்கொண்டு போகும் வண்டியை அதற்குப் பிறகு யாரும் வடிவமைக்கவில்லை.

கட்டத் துணிந்தவருக்கு ஒரு சொல். மோட்டார் வாகனச் சட்டம், 1988 டிரெய்லரையும் மோட்டார் வாகனமாகவே கொள்கிறது. பதிவு இல்லாமல் பொதுச்சாலையில் இழுக்கக் கூடாது. எனவே பலகை வாங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் போய்க் கேட்டுவிடுவதே புத்தி. அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாளரிடம் அடிச்சட்டத்தை வாங்கி மேல்கட்டை மட்டும் தானே செய்யலாமா என்பதையும் அங்கேயே கேட்கலாம்.

திட்டம் போட மொட்டைமாடித் தரையும் சாக்பீஸும் போதும். வண்டியின் பக்கத் தோற்றத்தை உண்மை அளவில் வரைந்துகொள்ளுங்கள். பக்கத்தில் படுக்கையின் செவ்வகத்தை வரைந்து வீட்டிலுள்ளவர்களைப் படுக்கச் சொல்லுங்கள். நாலரை அடி அகலத்தில் இரண்டு பெரியவர்களும் நடுவில் ஒரு சின்னக் குழந்தையும் அடங்குவார்கள். பொருள்களைத் தராசில் நிறுத்து, ஒவ்வொன்றும் இருக்கப்போகும் இடத்தில் எடையை எழுதுங்கள். அச்சின் கோடு தானாகத் தெரியும். வண்டி முடிந்ததும், சாமான் எல்லாம் ஏற்றி, காரின் குமிழ் இருக்கும் உயரத்துக்கு முன்தண்டை முட்டுக்கொடுத்து, முட்டுக்கு அடியில் வீட்டில் ஆள் எடை பார்க்கும் கருவியை வைத்தால் முன்பாரம் எண்ணாகவே வந்துவிடும். நான்காவது ஆள் உண்டென்றால் கூரைமேல் ஒரு மடக்குக் கூடாரம் கட்டலாம். ஐம்பது கிலோ மேலே ஏறியதும் எடைமையமும் உயர்ந்துவிடும். கணக்கை மறுபடி அச்சிலிருந்து தொடங்க வேண்டும்.