ஆய்வேட்டில் எல்லாரும் ‘பிள்ளை’ ஆவது எப்படி?

ஸொட்டேரோ, மெண்டலே, எண்ட்நோட் ஆகிய மேற்கோள் மென்பொருள்கள் நூல் விவரங்களைச் சேர்த்து வைத்து, ஆய்வேட்டில் கேட்ட இடத்தில் கேட்ட பாணியில் எடுத்து வைப்பவை. ஒரே சொடுக்கில் துணைநூற்பட்டியல் தயார் என்பது இவற்றின் விளம்பரம். பட்டியல் வருவது உண்மை. அது சரியான பட்டியலா என்பது வேறு கதை. ஆய்வேடு ஒப்படைக்கும் நாள் நெருங்கும்போது அதிகம் குழப்புவது ஆசிரியர் பெயர்தான்.

கேரள எல்லையோரத்துக் காரோடு, பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து ஆய்வு மாணவர் ஒருவர் வடக்கே கேரளப் பல்கலைக்கழகத்திலும் பதியலாம். எல்லை தாண்டித் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் பதியலாம். எங்கே பதிந்தாலும், பழைய திருவிதாங்கூர் பற்றி எழுதுபவர் வி. நாகம் ஐயாவின் திருவிதாங்கூர் கையேட்டையும் (1906), டி. கே. வேலுப்பிள்ளையின் கையேட்டையும் (1940) தொடாமல் தப்ப முடியாது. சிக்கல் அங்கிருந்தே தொடங்குகிறது.

இந்த மென்பொருள்களில் ஆசிரியர் பெயருக்கு இரண்டு கட்டங்கள்: ஒன்று குடும்பப் பெயர், மற்றது இடுபெயர். இந்தப் பிரிவு ஐரோப்பியப் பெயர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. நூலகப் பட்டியலிலிருந்தோ இணையப் பக்கத்திலிருந்தோ விவரத்தை இழுக்கும்போது, பெயரின் கடைசிச் சொல் பெரும்பாலும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போய் விழுகிறது. நாகம் ஐயா ‘ஐயா, வி. என்.’ ஆகிறார். கட்டுரைக்குள் ‘(ஐயா, 1906)’ என்று நிற்கிறது. யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்கத் தோன்றும்.

பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். எஸ். வையாபுரிப்பிள்ளையின் தமிழ் இலக்கிய வரலாற்று நூலும் (1956) அதே பட்டியலில் இருந்தால், ஆங்கிலத்தில் ‘பிள்ளை’ தனிச் சொல்லாக நிற்பதால் அவரும் வேலுப்பிள்ளையும் வெறும் ‘பிள்ளை’. ஏபிஏ பாணியில் ஒரே குடும்பப் பெயர் கொண்ட இருவர் வந்தால் முதலெழுத்துகளைச் சேர்த்து வேறுபடுத்த வேண்டும் என்பது விதி. மென்பொருள் அதைத் தவறாமல் செய்கிறது: ஒருவர் ‘டி. கே. வி. பிள்ளை’, மற்றவர் ‘எஸ். வி. பிள்ளை’. வேலுவும் வையாபுரியும் ஒரே ‘வி’யாகச் சுருங்கிவிட்டார்கள். விதி பிழையின்றி நிறைவேறியது, ஆள் மட்டும் காணாமல் போனார். கணினி எந்த எச்சரிக்கையும் காட்டாது. அதன் கணக்கில் எல்லாம் சரி.

சாதிப் பட்டத்தைக் குடும்பப் பெயராகக் கொள்வதே இங்கே அடிப்படைக் கோளாறு. தீர்வு எளிது, ஆனால் கையால் செய்ய வேண்டியது. குடும்பப் பெயர்க் கட்டத்தில் ‘நாகம் ஐயா’, ‘வேலுப்பிள்ளை’ என்று முழுமையாகவும், இடுபெயர்க் கட்டத்தில் ‘வி.’, ‘டி. கே.’ என்று தலைப்பெழுத்தை மட்டும் இட்டால் போதும். ஸொட்டேரோவில் பெயருக்கு அருகிலுள்ள சிறு பொத்தானை அழுத்தி இரு கட்டங்களை ஒன்றாக்கவும் முடியும். அப்படிச் செய்தால் பெயர் சிதையாது. ஆனால் அகரவரிசையில் நாகம் ஐயா ‘வி’யின் கீழ் போய் உட்காருவார். தமிழ் எழுத்தில் பெயர் இட்டால், காற்புள்ளியும் இடைவெளியும் ஒழுங்காக வருகின்றனவா என்று ஒரு பதிவில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

திருத்தத்தை மென்பொருளின் நூலகத்தில்தான் செய்ய வேண்டும். வேர்டில் நேரடியாகத் திருத்தினால், பட்டியல் அடுத்த முறை புதுப்பிக்கப்படும்போது பழைய பிழை திரும்பி வரும்.

அடுத்தது கோப்பு முன்காட்சி. பதிவு இருக்கிறது, பிடிஎஃப் திறக்கவில்லை என்றால், பதிவும் கோப்பும் தனித்தனியாக ஒத்திசைக்கப்படுவதே வழக்கமான காரணம். ஸொட்டேரோ கோப்புகளுக்கு இலவசமாகத் தரும் இடம் 300 எம்பி. ஸ்கேன் செய்த கையேடு ஒன்றே அதை நிரப்பிவிடக்கூடும். இணைப்பாக மட்டும் சேர்த்த கோப்பு மற்றொரு கணினிக்குப் போகவே போகாது. முன்காட்சியில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தும், நகலெடுத்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறதா? அது யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அச்சான கோப்பு. மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஸொட்டேரோ பற்றி உதவி கேட்கும்போது என்ன தர வேண்டும்? பதிப்பு எண்ணும், உதவி மெனு வழியாகப் பிழை அறிக்கை அனுப்பினால் கிடைக்கும் அடையாள எண்ணும்.

மெண்டலேயிலிருந்து வேறு மென்பொருளுக்கு மாறலாமா? மாறலாம்; ஆனால் 2013இல் எல்செவியர் வாங்கிய அந்த மென்பொருளின் கணினித் தரவுத்தளம் 2018 முதல் பூட்டப்பட்டது. பாதுகாப்புக்காக என்றது நிறுவனம். வேறு மென்பொருள்கள் அதை நேரடியாகப் படிக்க முடியாமல் போனதும் அப்போதுதான்.

ஒப்படைக்கும் பிரதி? மேற்கோள்களுக்கும் மென்பொருளுக்குமான இணைப்பைத் துண்டித்த ஒரு நகல், துண்டிக்காத மூலம் தனியே.

துணைநூற்பட்டியல் கருத்துத் திருட்டுச் சோதனையின் ஒப்புமைச் சதவீதத்தில் சேருமா? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி சேராது; சரிபார்ப்பவர் கருவியில் அந்த விலக்கைத் தேர்ந்திருந்தால்.