வார்னிஷுக்கு அடியில் என்ன?

பழையதா, பழையது போன்றதா, புதியதா? வீட்டுக்கு மரச்சாமான் வாங்குபவர் பார்க்க வேண்டியது வயதை அல்ல, வைரத்தை

சண்டிகர் அரசு அலுவலகங்களின் மொட்டை மாடிகளில் ஒரு காலத்தில் நாற்காலிகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. பிரம்பு கிழிந்து, கால் ஆடி, மழையிலும் வெயிலிலும் வெளுத்துப்போன தேக்கு நாற்காலிகள். அவ்வப்போது ஏலம் விட்டுக் கழித்துக் கட்டினார்கள். வழக்கமான பழைய சாமான் வியாபாரிகளோடு பாரீஸ் கலைப்பொருள் வியாபாரிகள் சிலரும் அவற்றைத் தேடி வந்தார்கள். விஷயம் அவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது. 'வி' எழுத்தைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற கால்கள் கொண்ட அந்த நாற்காலிகளை உருவாக்கியவர் பியர் ழானரே. சண்டிகரைத் திட்டமிட்ட லெ கார்பூசியேயின் ஒன்றுவிட்ட சகோதரர். 1951இல் வந்து 1965 வரை அந்நகரிலேயே தங்கி வேலை பார்த்தவர். விஷயம் இந்திய அதிகாரிகளுக்குப் புரிவதற்குள் நாற்காலிகள் கப்பலேறி, மெருகேறி, ஐரோப்பிய, அமெரிக்க ஏலக் கூடங்களில் லட்சக்கணக்கான ரூபாய்க்கு விலைபோய்க் கொண்டிருந்தன.

மத்திய உள்துறை அமைச்சகம் 2011இல் விழித்துக்கொண்டு விற்பனைக்குத் தடை போட்டது. ஆனால் ஏற்கெனவே கை மாறியதைத் தடுக்க வழியில்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி இதுபோன்ற பொருளுக்குக் குறைந்தது 100 வயதாக வேண்டும். ழானரேயின் நாற்காலிகளுக்கோ 60 வயதுகூட நிறையவில்லை. சட்டத்தின் கண்ணில் அவை வெறும் பழைய சாமான்.

அரசாங்கம் செய்ததைத்தான் பல குடும்பங்களும் சத்தமில்லாமல் செய்கின்றன. ஃபிளாட்டுக்குக் குடிபோகும்போது தாத்தா காலத்துத் தேக்குக் கட்டிலை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஓரிரு வருடம் கழித்து 'ஆன்டிக்' என்ற சீட்டு தொங்கும் கட்டிலைப் பல மடங்கு விலை கொடுத்து வாங்குகிறார்கள். அது பெரும்பாலும் பழையதாக இருப்பதில்லை.

உதாரணம் ஜோத்பூர். ராஜஸ்தானத்து ஹவேலிகளின் பழைய கதவுகளையும் பெட்டிகளையும் வாங்கி விற்ற ஊர் இன்று மரச்சாமான் ஏற்றுமதியின் தலைநகரங்களில் ஒன்று. பழைய கதவு எத்தனை காலத்துக்குக் கிடைக்கும்? மாமரம், கருவேல இனத்து மரங்கள், ஷீஷம் ஆகியவற்றில் புதிதாகச் செய்து, சாயம் ஏற்றி, சங்கிலியால் அடித்து, உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்து 'வயது' ஏற்றுகிறார்கள். இதில் ஒளிவுமறைவு இல்லை. தயாரிப்பவர் புதியது என்று சொல்லியே விற்கிறார். அது நாலு கை மாறி ஒரு பெருநகரத்து ஷோரூமுக்கு வரும்போதுதான் ஹவேலியும் மகாராஜாவும் ஒட்டிக்கொள்கிறார்கள்.

கதையைக் கேட்காமல் சாமானைக் கவிழ்த்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம். முகப்பு பொய் சொல்லும். அடிப்பாகத்துக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. இழுப்பறையை முழுக்க வெளியே உருவி எடுங்கள். கையால் இழைத்த பலகையில் விரலை ஓட்டினால் மெல்லிய அலை தட்டுப்படும். வட்ட ரம்பத்தில் அறுத்த பலகையில் பிறை பிறையாகக் கோடுகள் இருக்கும். மூலைகளில் புறா வால் போன்ற பற்களைக் கோத்திருப்பார்கள். அவை ஒன்றுக்கொன்று சற்று ஏறுமாறாக இருந்தால் கைவேலை, அச்சடித்தாற்போல் இருந்தால் இயந்திர வேலை. தலையில் கூட்டல் குறிபோல் வெட்டிய திருகாணி 1930களில்தான் பழக்கத்துக்கு வந்தது. விக்டோரியா மகாராணி காலத்து மேஜை என்று சொல்லப்படுவதில் அது இருந்தால், பிற்காலத்தில் பழுது பார்த்திருக்க வேண்டும் அல்லது மேஜையே பிற்காலத்தது.

அளவு நாடாவும் உதவும். மரம் காலப்போக்கில் சுருங்கும். நார் ஓடும் நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்காது, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். அதனால் நூறு வயதான வட்ட மேஜை அசல் வட்டமாக இருக்காது. இரு திசையிலும் அளந்தால் சிறு வித்தியாசம் தெரியும். தேய்மானத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. நாற்காலியின் கைப்பிடி நுனியும் கால் வைக்கும் குறுக்குச் சட்டமும் தேய்ந்திருக்க வேண்டும். யாருடைய கையும் காலும் படாத இடமெல்லாம் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் தேய்த்தது மனிதர்கள் அல்ல, உப்புத்தாள்.

நிஜமாகவே பழையது என்று தெரிந்த பிறகும் பர்ஸைத் திறக்க அவசரம் வேண்டாம். உளுத்த கட்டைக்கும் நூறு வயதாகும். பொடிப் பொடி ஓட்டைகள் இருந்தால் அந்த இடத்தைத் தட்டிப் பாருங்கள். வெளிர் நிறத்தில் புதுத் தூள் கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே குடியிருக்கிறது. வீட்டிலுள்ள மற்ற சாமான்களுக்கும் அது பரவும். தேக்கின் நடுக்கட்டையில், ஆசாரிகள் வைரம் என்று சொல்லும் பகுதியில், இயற்கையான எண்ணெய் இருப்பதால் பூச்சி எளிதில் அண்டாது. பட்டையை ஒட்டிய வெள்ளைக் கட்டைக்கு அந்தக் காப்பு இல்லை. தேக்கு என்ற பெயரில் வெள்ளைக் கட்டைக்குச் சாயம் பூசித் தருவதும் நடக்கிறது. சாயம் ஏறாத அடிப்பக்கத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நூறு வயதுக்குக் குறைந்த 'விண்டேஜ்' சாமான்களில்தான் இன்று நியாயமான பேரம் சாத்தியம். மும்பையில் சோர் பஜாரின் மட்டன் தெருவிலும் ஜோகேஸ்வரியின் ஓஷிவாராவிலும் 1930களிலிருந்து 1950கள் வரையிலான ஆர்ட் டெகோ பாணி அலமாரிகள், கண்ணாடி மேஜைகள் கிடைக்கும். மூலைகள் வளைந்து, அலங்காரம் குறைந்து, ஃபிளாட்டுக்கு ஏற்ற அளவில் இருப்பவை. இரானி ஹோட்டல்களின் வளைமர நாற்காலிகளும் அங்கே வரும். விற்பவர் உடனே 'தோனெட்' என்பார். வியன்னாவின் தோனெட் நிறுவனம் அந்த நாற்காலியை 1859இல் கொண்டுவந்தது உண்மை. ஆனால் 1869இல் அதன் காப்புரிமை முடிந்ததும் ஐரோப்பாவில் பல தொழிற்சாலைகள் அதே நாற்காலியைச் செய்யத் தொடங்கிவிட்டன. இருக்கைக்கு அடியில் முத்திரை இல்லாவிட்டால் பெயருக்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை. நாற்காலிக்கான விலையைக் கொடுத்தால் போதும். சண்டிகர் நாற்காலிகள் விஷயத்தில் முத்திரையையும் நம்ப முடியாது. அசலில் அலுவலகத்தின் பெயரும் எண்ணும் பெயின்டில் எழுதியிருக்கும். போலி செய்பவர்களுக்கும் பெயின்ட் கிடைக்கிறதே.

அப்படியானால் புதியது மட்டமா? சமையலறை அலமாரிக்கும் குழந்தைகளின் படிப்பு மேஜைக்கும் பழைய தேக்கைத் தேடி அலைவது வீண் வேலை. அங்கே நல்ல பிளைவுட் போதும். ஆனால் ரகம் தெரிய வேண்டும். எம்.ஆர். என்று முத்திரையிட்ட பிளைவுட் காற்றின் ஈரத்தைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. தொட்டிக்கு அடியில் வைக்க ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பார்ட்டிகிள் போர்டு விலையில் மலிவு, பார்வைக்கு அழகு. கொல்கத்தாவிலும் கொச்சியிலும் மழைக்காலத்தில், வீடு துடைக்கும் தண்ணீர் விளிம்பில் இறங்கினால் ஊதிவிடும். ஊதினால் சரி செய்ய முடியாது. அதில் திருகாணியை ஒருமுறை கழற்றி மாட்டினாலே பிடிப்பு தளர்ந்துவிடும். அடிக்கடி வீடு மாறுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பழைய சாமானின் பலமே அங்கேதான். துளைக்குள் முனையை இறக்கிச் செய்த இணைப்பை ஆசாரி தட்டிக் கழற்றி, பசை வைத்து மறுபடியும் இறுக்கிவிடுவார். கிழிந்த பிரம்பை மறுபடி பின்னலாம். செய்யக்கூடாத ஒன்று, பழைய பிரெஞ்சு பாலிஷை மொத்தமாகச் சுரண்டிவிட்டுப் பளபளக்கும் பாலியூரித்தேன் அடிப்பது. பழைய பாலிஷ் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசியது. சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும். ஆனால் அதே அரக்கைப் பஞ்சில் தொட்டு அந்த இடத்தை மட்டும் சரி செய்துவிடலாம். பழைமைக்காக விலை கொடுத்தவர் சுரண்டும்போது இழப்பது அந்தப் பழைமையைத்தான்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் எண்ணமிருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. தொல்பொருள் என்று கருதக்கூடிய, நூறு ஆண்டைத் தாண்டிய பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்யச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஈட்டி, ஷீஷம் உள்ளிட்ட டால்பெர்ஜியா இன மரங்கள் 2017 முதல் சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. 2022இல் இந்தியக் கைவினைப் பொருட்களுக்குச் சலுகை கிடைத்தது என்றாலும் பெரிய கட்டிலுக்கும் அலமாரிக்கும் ஆவணம் இல்லாமல் நகர முடியாது.

உள்நாட்டில் தடை போடுவது சட்டமல்ல, லிஃப்ட். நாலு கால் பந்தலிட்ட வங்காளப் பாலங்கக் கட்டில் ஃபிளாட்டின் மூன்றடிக் கதவில் நுழையுமா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே அளப்பது நல்லது. மெத்தையும் கடையில் கிடைக்கும் அளவில் பொருந்தாது, தனியாகத் தைக்க வேண்டும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்கள், முகாமுக்கு முகாம் மாறிய ஆங்கிலேய ராணுவ அதிகாரிகளுக்காகச் செய்த இழுப்பறைப் பெட்டி கிடைக்கிறதா என்று பார்க்கலாம். மூலைகளில் பித்தளை பதித்திருக்கும். கால்களைத் திருகிக் கழற்றலாம். பெட்டி மேலும் கீழுமாக இரண்டாகப் பிரியும். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கும் இரண்டு ஆள் தூக்கிப் போய்விடலாம்.